வாசகர் கேள்வி – பதில்: அரைச் சாணில் கைமாறிய தங்கம்

கேள்வி: ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர் 2025இல் உலக சாம்பியன் ஆனார் என்று படித்தேன். பனியே பெய்யாத மாநிலத்தில் இவர் எங்கே பயிற்சி எடுத்திருப்பார்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: இதற்குப் பனிக்கட்டி தேவையில்லை. நம் வேலூரில் பனிக்கட்டியைக் கரும்புச்சாறு வண்டியில் பார்த்தால்தான் உண்டு. நீங்கள் படித்த வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் பந்தயத்தில் அணிவது, ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய காலணி. சீனாவின் பெய்தாய்ஹேயில் 2025 செப்டம்பரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், முதலில் 500 மீட்டரை 43.072 விநாடியில் கடந்து வெண்கலமும், அடுத்து 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கமும், பின்னர் 42 கிலோமீட்டர் மாரத்தானில் மற்றொரு தங்கமும் வென்றார். இந்த விளையாட்டில் உலக சாம்பியனான முதல் இந்தியர் அவரே. ஜூனியர் பிரிவின் 1,000 மீட்டர் தங்கமும் நம் நாட்டுக்கே வந்தது. வென்றவர் கிரிஷ் சர்மா.

ஆனந்த்குமார் தங்கம் வென்ற 1,000 மீட்டரில் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். மாலை வேளையில் காட்பாடி சாலையில் எந்த வண்டியும் அந்த வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் என்னை வியக்க வைத்தது வேகம் அன்று. ஓட்டப்பந்தயத்தில் குறுந்தூர வீரர் மாரத்தானை நினைத்தும் பார்க்க மாட்டார். இங்கோ ஒருவரே இரண்டிலும் பதக்கம் பெறுகிறார். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே காற்றின் தடையிலிருந்து ஒதுங்கிக் கூட்டமாகச் செல்ல முடிவதால், வலுவைச் சேமித்து வைத்துக் கடைசிச் சில நூறு மீட்டரில் பாய்பவருக்கு மாரத்தானிலும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆசிய விளையாட்டுப் போட்டியில் கையைத் தூக்கியதால் தங்கத்தை இழந்தவர் யார்? (வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: தென்கொரியாவின் ஜங் சோல்-வோன். 2023 அக்டோபர் 2ஆம் தேதி ஹாங்சோவில் நடந்த ஆடவர் 3,000 மீட்டர் சக்கர ஸ்கேட்டிங் தொடர் பந்தயத்தில் (ரிலே), வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று எண்ணி, இறுதிக் கோட்டைத் தொடும் முன்பே நிமிர்ந்து இரு கைகளையும் உயர்த்தினார். கோட்டை முதலில் கடக்க வேண்டியது முன்காலின் சக்கரம். நிமிர்ந்தவரின் கால் பின்தங்கியது, பின்னால் வந்த தைவானின் ஹுவாங் யூ-லின் தம் காலை நீட்டிவிட்டார். தைவான் 4 நிமிடம் 5.692 விநாடி, கொரியா 4 நிமிடம் 5.702 விநாடி. அந்த வேகத்தில் 0.01 விநாடி என்பது சுமார் 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். ஆசியப் போட்டியில் தங்கம் வென்றால் கொரியாவில் கட்டாய ராணுவப் பணியிலிருந்து விலக்கு கிடைக்கும் என்பதால், அவர் இழந்தது பதக்கத்தை மட்டும் அன்று. அதே பந்தயத்தில் வெண்கலம் பெற்ற இந்திய அணியில் ஆனந்த்குமாரும் இருந்தார். அன்றே மகளிர் தொடர் பந்தயத்திலும் நமக்கு வெண்கலம் கிடைத்தது. சஞ்சனா, கார்த்திகா, ஹீரல், ஆரத்தி ஆகியோர் அந்த அணியினர்.

கேள்வி: சக்கர ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் உண்டா? (வாசகர், ஆற்காடு)

பதில்: இல்லை. 2018இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மட்டும் இடம்பெற்றது. பனித்தள ஸ்பீடு ஸ்கேட்டிங் 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருப்பதால், சக்கர வீரர்கள் பலர் பனிக்கு மாறிவிடுகிறார்கள். அமெரிக்காவின் எரின் ஜாக்சன், வெயில் மிகுந்த புளோரிடாவில் சக்கரத்தில் வளர்ந்தவர். 2022 பெய்ஜிங்கில் மகளிர் 500 மீட்டர் தங்கத்தை வென்றார். தகுதிப் போட்டியில் அவர் இடறியபோது தம் இடத்தை விட்டுக்கொடுத்த பிரிட்டனி போவும், அதே புளோரிடாவில் சக்கரத்தில் தொடங்கியவர்தான்.