கேள்வி அம்மாவிடம், பதில் உங்களிடமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சில் குறையில்லை, தடியூன்றி நடக்கிறார். தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்துமில்லை, ஊசியுமில்லை. முதல் நாள், வீட்டில் என்னென்ன செய்வார், இனி என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். அம்மா களைத்துவிடுவார் என்று நானே பதில் சொன்னேன். பிறகு துணி மடிக்கவும் பொத்தான் போடவும் விட்டார்கள். இதற்காகவா மட்டக்களப்புக்கு பஸ் ஏறுவது?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: பஸ்ஸை விடுங்கள், மகள். பேச்சில் குறையில்லாத அம்மாவுக்கு நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள்? என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: "அவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, நாங்கள் இருக்கிறோம்." இதைச் சொல்லிவிட்டுச் சிகிச்சையைக் காணவில்லை என்கிறீர்கள். அந்தக் கேள்வியில்தான் சிகிச்சையே தொடங்குகிறது.

நடையை இயன்மருத்துவர் பார்ப்பார். தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் பார்ப்பது, அந்தக் கையோடு அம்மா எப்படிக் குளிப்பார், உடுப்பார், சமைப்பார் என்பதை. தேங்காய் திருவ வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் பயிற்சி அதிலிருந்து போயிருக்கும். தாழ்ந்த திருவலையில் இருந்தால் எழும்ப முடியுமா, மேசையில் பூட்டும் திருவலை நல்லதா, இடது கை பாதித் தேங்காயைப் பிடிக்குமா, பிடிக்காவிட்டால் வேறு வழி என்ன. பொத்தானும் துணியும் அந்த விரல்களுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் நீங்களே பொத்தானைப் பூட்டிவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய கை அப்படியே திரும்பும் என்று யாரும் வாக்குத் தரமாட்டார்கள். முன்னேற்றம் வேகமாக இருப்பது முதல் சில மாதங்களில். பிறகும் உண்டு, மெதுவாக. நான்கு மாதம் போய்விட்டது.

பெற்றவரைப் பார்ப்பது கடமை. வாயைப் பூட்டுவது அதில் சேராது. வீட்டையே தந்தவருக்கு அந்தக் குசினியில் வேலையில்லை என்று தீர்மானிக்க நீங்கள் யார்?

சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும்.

அடுத்த கிளினிக்கில் அம்மாவை முன்னால் இருத்துங்கள். அவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. குளியலறையில் கைபிடி எங்கே பொருத்துவது, கதிரை எவ்வளவு உயரம், எதை அவரே செய்ய விடுவது என்பவை நீங்கள் கேட்க வேண்டியவை. கொப்பி கொண்டுபோங்கள்.