2000 உள்ளே, 1750 வெளியே: அந்த 250 மி.லி. எங்கே போனது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் செயலிழந்து, ஐந்து வாரத்துக்கு முன் வயிற்று டயாலிசிஸ், அதாவது சி.ஏ.பி.டி. தொடங்கியிருக்கிறார்கள் (குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்தெடுக்கும் முறை). தினம் நான்கு முறை இரண்டு லிட்டர் பை, நான்கும் 1.5 சதவீதக் குளுக்கோஸ். முதலில் நன்றாகத்தான் இருந்தாராம். கடந்த பத்து நாளில் எடை 61 கிலோவிலிருந்து 63.5 ஆகிவிட்டது, சாயங்காலமானால் கால் வீங்குகிறது, பி.பி. 160-ஐத் தொடுகிறது. இரவு 9 மணிக்கு விட்ட பையைக் காலை 6 மணிக்கு வடித்தால் 1750 மி.லி.தான் வருகிறது. "மீதி 250 எங்கே போனது? அப்பாவுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம்? அம்மா பயந்துபோய் நாள் முழுக்க அரை லிட்டர்தான் தருகிறார், சமையலுக்கும் இந்துப்பு மாற்றிவிட்டார், ஆனால் அப்பா தாகம் தாகம் என்கிறார். 2.5 பை போடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, சர்க்கரை ஏறிவிடும் என்று அப்பா மறுக்கிறார்" என்று கேட்டிருக்கிறார். கூடவே நோட்டின் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் இருந்ததால்தான் என்னால் இவ்வளவு விளக்கமாகப் பதில் எழுத முடிகிறது.

முதலில் அந்த 250. அது அப்பாவின் உடம்புக்குள்தான் போயிருக்கிறது. நறுக்கிய பழத்தில் சர்க்கரை தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழம் நீர் விடும் இல்லையா, அதே வேலையைத்தான் பையில் உள்ள குளுக்கோஸ் செய்கிறது. வயிற்றின் உள்சவ்வில் ஓடும் ரத்தக் குழாய்களிலிருந்து நீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. ஆனால் அந்தக் குளுக்கோஸும் சும்மா அங்கேயே இருப்பதில்லை, மணிக்கு மணி சவ்வு வழியாக ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். 1.5 பையில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் இழுப்பு நன்றாக இருக்கும். அதற்கப்புறம் சர்க்கரை தீர்ந்து இழுப்பு நின்றுவிடும், வந்த நீரை உடம்பு மெல்லத் திருப்பி எடுத்துக்கொள்ளும். ஒன்பது மணி நேரம் விட்டால் வந்ததும் போய், ஊற்றியதிலும் ஒரு பங்கு போய்விடும். சிலருக்குச் சவ்வு சர்க்கரையை வேகமாக உறிஞ்சும், அவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உங்கள் அப்பா அந்த வகையா என்று பார்க்க பி.இ.டி. என்றொரு பரிசோதனை உண்டு, டயாலிசிஸ் ஆரம்பித்து நாலு முதல் எட்டு வாரத்தில் செய்வார்கள். அவருக்கு நேரம் வந்துவிட்டது, கேளுங்கள்.

இப்போது உங்கள் நோட்டைப் பாருங்கள். பகல் மூன்று பைகளில் முறையே 100, 150, 100 மி.லி. கூடுதலாக வந்திருக்கிறது, மொத்தம் 350. இரவுப் பை அதில் 250-ஐத் தின்றுவிட்டது. மிச்சம் வெறும் 100. சிறுநீர் 600 போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக 24 மணி நேரத்தில் வெளியே போவது 700, ஆனால் அம்மா கட்டுப்படுத்துவதற்கு முன்னால் அப்பா குடித்தது ஒன்றரை லிட்டர். வியர்வை, மூச்சு வழியாகவும் கொஞ்சம் போகும், ஆனால் சோறு, காய்கறியில் ஒளிந்திருக்கும் நீர் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். கால் வீங்கியதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு பையையும் தனித்தனியாகப் பார்த்துக் கவலைப்படாமல், நாலு பையையும் கூட்டி, அதோடு சிறுநீரையும் கூட்டி, ஒரு நாளுக்கு ஒரே ஒரு எண்ணாக எழுதிப் பழகுங்கள்.

அந்த எண் சரியாக இருக்க அளக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். புதுப் பையில் இரண்டு லிட்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதல் திரவம் இருக்கும், குழாயைக் கழுவிவிட. அந்தக் கழுவிய திரவமும் வடிகால் பையிலேயே போய் விழுவதால், வடிந்த பையை மட்டும் எடை போட்டு இரண்டு கிலோவைக் கழித்தால் ஒவ்வொரு தடவையும் நூறு மி.லி. அளவுக்குப் பொய்யாகக் கூடுதல் காட்டும். நாலு பைக்கு 400. உங்கள் நோட்டில் அப்படி ஏறியிருந்தால் நிலைமை நான் சொன்னதைவிட மோசம் என்று அர்த்தம். சுலபமான வழி, மேலுறையைப் பிரித்ததும் குழாய் எதையும் திறக்காமல் இரட்டைப் பை (புதுத் திரவப் பையும் காலி வடிகால் பையும் சேர்ந்தது) முழுவதையும் தொங்கு தராசில் மாட்டி ஒரு எடை, எல்லாம் முடிந்தபின் அதே பையை மறுபடி ஒரு எடை. இரண்டாவது எடை எவ்வளவு கூடுதலோ அதுதான் யூ.எஃப்., அதாவது உடம்பிலிருந்து இழுத்தெடுத்த நீர். ஒரு கிலோவை ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு எடையும் அப்படியே: தினம் காலையில், வயிற்றை வடித்தபின், சிறுநீர் கழித்தபின், ஒரே மாதிரி துணியோடு. ஒரு நாள் வடித்தபின்னும் மறுநாள் நிரப்பியபின்னும் எடை பார்த்தால் இரண்டு கிலோ வித்தியாசம் வந்து வீட்டையே கலக்கிவிடும்.

சரி, தண்ணீர். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அரை லிட்டர் இவருக்குக் குறைவு, தாகத்தில் தவிக்கும் மனிதரை அப்படி அடக்கிவைப்பதும் வீண். தாகத்தைக் கொண்டுவருவது உப்பும் ரத்தச் சர்க்கரையும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உங்கள் உடம்பும் ஏறக்குறைய அதே விகிதத்தைத்தான் காப்பாற்றப் பார்க்கிறது, 9 கிராம் உப்பு உள்ளே போய் வெளியேறாமல் தங்கினால் ஒரு லிட்டர் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு, போதாததற்குத் தாகத்தையும் கிளப்பும். ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது உப்பை. நாளுக்கு மொத்தம் 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். காலையில் அப்பாவின் பங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடச் சொல்லுங்கள், இட்லி மாவில் சேர்ந்த உப்பும் அந்தக் கணக்குக்குள்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வடகம், பாக்கெட் மிக்சர், இவை ஒன்று தொட்டாலும் கிண்ணம் கணக்கு உடைந்துவிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாராளமாக இருந்தால் நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இந்துப்பு விஷயத்தை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும்தான் வேறு. நல்லது என்று நம்பிக் கூட ஒரு சிட்டிகை போடுவதால் நிலைமை கெடத்தான் செய்யும். அதைவிட முக்கியம், கடையில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த உப்பு' எதையும் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் கலந்திருக்கும், சிறுநீரக நோயாளிக்கு அது இதயத்தைப் பாதிக்கலாம்.

அளவு என்று கேட்டால், வீக்கம் வடியும்வரை முந்தைய நாள் மொத்தமாக வெளியே போனதை ஒட்டிக் கொடுங்கள், இவருக்கு இப்போது 700, 800 மி.லி. இதில் காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். இரவுப் பை சரியாகி யூ.எஃப். கூடும்போது குடிக்கும் அளவும் கூடும். அரை லிட்டர் பாட்டிலில் நிரப்பி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தன் பங்கைத் தானே பிரித்துக் குடிக்கிறவருக்கு மனசு அவ்வளவு அடித்துக்கொள்ளாது. சின்ன டம்ளர், வாய் கொப்பளித்துத் துப்புவது, ஒரு ஐஸ் கட்டி, இதெல்லாம் உதவும்.

இப்போது அப்பாவின் பயம். 2.5 பையில் குளுக்கோஸ் கூடுதல்தான், உடம்புக்குள் போவதும் கூடுதல்தான், மறுக்க மாட்டேன். சாதாரணமாகவே சி.ஏ.பி.டி.யில் ஒரு நாளைக்கு 100 முதல் 200 கிராம் குளுக்கோஸ் வயிற்று வழியாக ஏறும். அதைப் பார்த்துத்தான் இன்சுலினைக் கூட்டிக் குறைப்பார்கள். ஆனால் அவர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: ரத்தத்தில் சர்க்கரை 300-ல் இருந்தால் பைக்கும் ரத்தத்துக்கும் இருக்கும் இனிப்பு வித்தியாசம் குறைந்து இழுப்பே பலவீனமாகிவிடும், எந்தப் பை போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. எனவே சர்க்கரைக்குப் பயந்து பையை மறுப்பதைவிட, இன்சுலினைச் சரிசெய்துகொண்டு இரவு ஒரு பையை மட்டும் மாற்றுவது எவ்வளவோ மேல். என் யோசனையும் அதுதான், நாலையும் மாற்றத் தேவையில்லை, ஒன்பது மணி நேரம் இருக்கும் அந்த ஒரு பைதான் பிரச்சினை. இன்னொரு வழி ஐகோடெக்ஸ்ட்ரின் பை. அதில் இருப்பது பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் உறிஞ்சப்படும், எட்டிலிருந்து பதினாறு மணி நேரம் வரை இழுத்துக்கொண்டே இருக்கும், நாளுக்கு ஒரு தடவை மட்டும் போடலாம். விலை கூடுதல். அதைப் போட்டால் குளுக்கோமீட்டர் பட்டையைப் பற்றி நர்ஸிடம் கட்டாயம் கேளுங்கள், சில வகைப் பட்டைகள் ஐகோடெக்ஸ்ட்ரினிலிருந்து வரும் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிப் பொய்யாக உயர்வாகக் காட்டும், அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் லோ சுகரில் மயங்கிவிடுவார். பணம் கொடுத்து எதுவும் மாற்றாமல் சரிசெய்ய வேண்டுமென்றால், இரவுப் பையை ஐந்து மணி நேரத்தில் வடித்துவிட்டுக் காலைவரை வயிற்றைக் காலியாக விடும் முறையும் உண்டு. எது என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

4.25 பை பற்றி யாராவது சொன்னால் மட்டும் அவசரப்படாதீர்கள். மூச்சு முட்டும் நேரத்தில் அது உயிர் காக்கும், ஆனால் தினப்படி பழக்கமானால் வருடக்கணக்கில் சவ்வையே கெடுக்கும், வேகமாக நீரை இழுத்து பி.பி.யைச் சாய்த்தால் மிச்சமிருக்கும் சிறுநீரும் நின்றுபோகும். அந்த 600 மி.லி. சிறுநீர் உங்கள் வீட்டுச் சொத்து. கனடா, அமெரிக்க நோயாளிகளை வைத்து நடந்த கனுசா ஆய்வை 2001-ல் மறுபடி அலசிப் பார்த்தபோது, நாளுக்கு 250 மி.லி. சிறுநீர் கூடுதலாகப் போகிறவர்களுக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது தெரிந்தது. அதனால் முட்டி வலி என்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட விடாதீர்கள், பெயர் தெரியாத பொடி, லேகியம் வேண்டாம், ஸ்கேனுக்கு ஊசி மருந்து ஏற்றுவதாகச் சொன்னால் டயாலிசிஸ் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். சிறுநீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் டயாலிசிஸ் வந்துவிட்டதே என்று நிறுத்திவிட வேண்டாம், பலருக்கு அது இன்னும் வேலை செய்கிறது.

எல்லா வீக்கமும் பையால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.பி.க்கு ஆம்லோடிபின் சாப்பிட்டால் நீர் கூடாமலே கணுக்கால் வீங்கலாம் (இவருக்கு எடையும் ஏறியிருப்பதால் அது மட்டும் காரணமாக இருக்காது). வடியும் திரவத்தோடு தினமும் 5 முதல் 10 கிராம் புரதம் போகிறது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தாலும் வீங்கும், முட்டை வெள்ளைக்கரு தினம் சேருங்கள். மலச்சிக்கல் இருந்தால் குடல் உப்பிக் குழாயை அழுத்தும், பை மெதுவாக வடியும், பாதி உள்ளேயே தங்கும். எழுந்து நடந்து, பக்கம் திரும்பிப் படுத்து வடித்துப் பாருங்கள், மலம் இளக்க லாக்டுலோஸ் கேளுங்கள். இன்னொன்று, ஆரம்ப வாரங்களில் திரவம் கசிந்து வயிற்றுச் சுவரிலோ விதைப்பையிலோ இறங்கலாம். இதை மகளிடம் சொல்ல எந்த அப்பாவும் கூச்சப்படுவார், அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

படுத்தால் மூச்சு வாங்குகிறது, தலையணை மேல் தலையணை வைக்க வேண்டியிருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. வடிந்த பை கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ அதே அவசரம்தான், அந்தப் பையையும் கையோடு எடுத்துப் போங்கள். மறுபக்கமும் உண்டு: வெயில் காலத்தில் வியர்த்தோ வயிற்றுப்போக்கு வந்தோ நீர் குறைந்துவிட்டால், எழுந்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும், பி.பி. 100-க்குக் கீழே வரும், எடை டாக்டர் குறித்துக் கொடுத்ததற்குக் கீழே இறங்கும். அப்போது குளுக்கோஸ் கூடுதலான பையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட்டுக் கேட்க வேண்டும், தண்ணீரைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது. பை நிறத்தை நம்பாதீர்கள், பல பைகளில் 1.5-க்கு மஞ்சள், 2.5-க்குப் பச்சை, 4.25-க்குச் சிவப்பு இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

இன்று இரவு 9 மணிப் பை மாட்டுவதற்கு முன் உங்கள் பி.டி. (வயிற்று டயாலிசிஸ்) நர்ஸுக்கு போன் செய்து இப்படியே படியுங்கள்: "பத்து நாளில் இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது, பி.பி. 160, சிறுநீர் 600, பகல் யூ.எஃப். 350, இரவு மைனஸ் 250, எல்லாம் 1.5. இரவுக்கு என்ன பை போடட்டும், இன்சுலின் எவ்வளவு மாற்றட்டும், பி.இ.டி. எப்போது?" பதில் சொல்லத் தேவையான அத்தனையும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. மாற்றிய பிறகு எடை நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்காமல் மெதுவாகக் குறைந்து, காலையில் வடியும் பை 2000-ஐத் தாண்டுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள், நோட்டோடு போய் டாக்டரையும் பாருங்கள்.