பெயர் விடுபட்ட புத்தகம்

அன்புள்ள ஐயா,

மதச் சீர்திருத்தக் காலத்தில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஒருவரையொருவர் விரோதிகளாகவே பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அவர்களின் அறிஞர்களுக்குள் பேச்சே இருந்திருக்காதே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சு இருந்தது, நிறையவே இருந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன, 1543இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் அச்சான வானியலாளர் கோப்பர்நிக்கஸின் நூலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பால்டிக் கரையோரம் ஃபிராவன்பர்க் பேராலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபைப் பொறுப்பில் இருந்தவர். 1539இல் அவரைத் தேடி ரெட்டிகஸ் வருகிறார், போப்பை எதிர்த்துப் பிரிந்த லூத்தர் பாடம் நடத்திய அதே விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர், வயது 25, பெரியவருக்கோ 66. கையில் பண்டைய வானியலாளர் தாலமியின் கிரேக்க மூலம், முந்தைய நூற்றாண்டுக் கணிதவியலாளர் ரெஜியோமொண்டானஸின் முக்கோணவியல் என்று புதிதாக அச்சான புத்தகங்கள், எல்லாம் அவருக்குக் கொடுக்க. கோப்பர்நிக்கஸ் தன் கையெழுத்துப் பிரதியையே படிக்கத் தந்துவிட்டார்! அதைப் படித்து ரெட்டிகஸ் எழுதிய அறிமுகம் 1540இல் டான்சிக்கில் வந்தது; அதுவும் நியூரம்பெர்க்கில் இருந்த வானியலாளர் ஷோனருக்கு எழுதிய கடிதமாக. நூலை வெளியிடச் சொல்லி ரெட்டிகஸோடு சேர்ந்து வற்புறுத்தியவர் கீசே, கத்தோலிக்க ஆயர்.

அப்புறம் ரெட்டிகஸ் லைப்சிக்குக்குப் போக வேண்டியிருந்ததால் அச்சு வேலையை ஒசியாண்டர் என்ற லூத்தரன் இறையியலாளர் பார்த்துக்கொண்டார். இந்தக் கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு சரியாக வந்தால் போதும் என்று பெயர் போடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்தார். பலர் இதைத் துரோகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் 1541இலேயே கோப்பர்நிக்கஸுக்குக் கடிதம் எழுதி, இப்படிச் சொன்னால் இறையியலாளர்கள் சீற மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே யோசனை சொன்னவர் அவர். ஆனால் ஆசிரியரின் சம்மதம் இல்லாமல் சேர்த்தது தவறுதான். கீசே கொதித்துப்போய் நியூரம்பெர்க் நகர மன்றத்தில் முறையிட முயன்றார். எழுதியது யார் என்பதை 1609இல் வானியலாளர் கெப்ளர்தான் அச்சில் போட்டு உடைத்தார்.

என்னை அதிகம் வருத்துவது வேறு ஒன்று. போப் மூன்றாம் பாலுக்கு எழுதிய சமர்ப்பணத்தில் கீசேவுக்கும் கர்தினால் ஷோன்பெர்க்குக்கும் கோப்பர்நிக்கஸ் நன்றி சொல்கிறார். ரெட்டிகஸின் பெயர் எங்குமே இல்லை. போப்புக்கு எழுதும்போது ஒரு லூத்தரனின் பெயரைச் சொல்ல முடியாது என்று நினைத்திருப்பார், இது என் ஊகம்தான். ரெட்டிகஸ் இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்துப் பிரதி ஃபிராவன்பர்க்கிலேயே கிடந்திருக்கும்.