தட்டெல்லாம் பரவும் பாக்டீரியா: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்து ஆய்வக ஊழியர்கள், மாணவர்கள், விவசாயிகள் கேட்டவற்றுக்கு, நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, சிறுநீர் மாதிரியை இரத்த அகாரில் (இரத்தம் கலந்த பாக்டீரியா வளர்ப்புக் கூழ்த் தட்டில்) கோடிட்டால் மறுநாள் தட்டு முழுவதும் அலையலையாக மூடிவிடுகிறது. மற்ற பாக்டீரியாக் குவியல்களை (காலனிகளை) பிரிக்கவே முடியவில்லை. (ஆய்வக ஊழியர், தல்லாகுளம்)

புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவாகத்தான் இருக்கும். மக்கான்கி அகார் என்ற வேறொரு வளர்ப்புக் கூழில் போடுங்கள் அம்மா. அதிலுள்ள பித்த உப்பு இந்தப் பரவலைத் தடுக்கும். இரத்த அகார் தட்டுகளை நன்றாக உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். மேற்பரப்பில் ஈரம் தேங்கினால் இது கொண்டாட்டமாக ஓடும்.

இந்தப் பரவல் சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஆற்றுக்குள் இறங்குவது போலத்தானே? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

இல்லை தம்பி. திருவிழாவுக்குப் போகிறவர் உடல் மாறிப் போவதில்லை. திரவத்தில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமும் சில கசையிழைகளும் (நகர உதவும் சாட்டை போன்ற இழைகள்) கொண்டிருந்த செல், திடப்பரப்பைத் தொட்டதும் பிரிவதை நிறுத்திக்கொண்டு 20 முதல் 80 மைக்ரோமீட்டர் வரை நீள்கிறது. உடலெங்கும் நூற்றுக்கணக்கில் கசையிழைகள் முளைக்கின்றன. பிறகு பக்கத்துச் செல்களோடு அணியாகச் சேர்ந்து நகர்கிறது. சற்று நேரத்தில் நின்று, மீண்டும் குட்டைச் செல்களாகப் பிரிகிறது. அந்த நிறுத்தங்கள்தாம் தட்டில் தெரியும் வளையங்கள். உணவு தீர்ந்துபோய் அது நிற்பதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தேர்வில் பலர் தவறாக எழுதும் இடம் இது.

பரப்பைத் தொட்டது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? மரபணு அளவில் விளக்க முடியுமா? (முதுகலை மாணவி, நாகமலை)

நல்ல கேள்வி. கசையிழை மரபணுக்கள் படிப்படியாக இயங்குபவை. உச்சியில் எஃப்.எல்.எச்.டி.சி. என்ற இரட்டை மரபணு. அது இயங்கினால் கசையிழையின் அடித்தண்டும் கொக்கியும் உருவாகும். கூடவே சிக்மா 28 என்ற புரதமும் உருவாகும், ஆனால் எஃப்.எல்.ஜி.எம். என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். கொக்கி முடிந்ததும் அதன் உள்துளை வழியாக எஃப்.எல்.ஜி.எம். வெளியே தள்ளப்படுகிறது. விடுபட்ட சிக்மா 28 இழைப்புரத மரபணுவை இயக்குகிறது. கொக்கி இல்லாமல் இழைக்குச் செலவில்லை! இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்குச் சலிக்கவில்லை.

திரவத்தில் ஆர்.சி.எஸ். என்ற சமிக்ஞை அமைப்பு உச்சி மரபணுவை அடக்கி வைக்கிறது. பரப்பில் கசையிழை சுழல முடியாமல் தடைபடும்போதும், வெளிச்சவ்வின் சர்க்கரைச் சங்கிலிகள் பரப்பில் படும்போதும் அந்த அடக்குமுறை தளர்கிறது. உமோ என்ற மரபணுக்களும் அது தளரத் துணை செய்கின்றன. விப்ரியோ பாராஹீமோலிடிகஸ் என்ற கடல் பாக்டீரியாவில் இது இன்னும் தெளிவு: முனையிலுள்ள ஒற்றைக் கசையிழையின் சுழற்சியைத் தடுத்தாலே பக்கக் கசையிழை மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

மல்லிகைக்கு பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா வாங்கி ஊற்றுகிறேன். மண்ணில் தானாக நகருமா? (விவசாயி, உசிலம்பட்டி)

இயற்கை வகைகள் சர்பாக்டின் என்ற வழுக்குப் பொருளைச் சுரந்து ஈரப் பரப்பில் நகரக்கூடியவை. ஆய்வகத்தில் வளர்த்து வளர்த்துப் பழகிய 168 என்ற வகை மட்டும் ஸ்வர்ஏ மரபணுவும் சர்பாக்டினுக்கான இன்னொன்றும் பழுதாகி அந்தத் திறனை இழந்துவிட்டது. எதுவானாலும் காய்ந்த மண்ணில் நகர்வு நடக்காது. பாத்தி ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள் அண்ணாச்சி.

அப்பாவுக்குப் போட்ட சிறுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. இதற்கும் இதுதான் காரணமா? (மேலூர்)

இருக்கலாம். புரோட்டியஸ் குழாயின் பரப்பில் ஊர்ந்து ஏறும். அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்க, சிறுநீர் காரமாகி உப்புப் படிகங்கள் படியும். சிறுநீரில் எந்தப் பாக்டீரியா வளர்கிறது என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலோ, சிறுநீர் வராமல் நிற்பதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே வார்டில் இரண்டு நோயாளிகளுக்கும் புரோட்டியஸ். தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனதா என்று எளிதாகப் பார்க்க வழி உண்டா? (செவிலியர், கோரிப்பாளையம்)

உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் எதிரெதிரே வையுங்கள். வெவ்வேறு வகையானால் சந்திக்கும் இடத்தில் கோடு விழும். ஒரே வகையானால் கலந்துவிடும். 1946இல் டீன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்த கோடு இது. தன்னை இனங்காணும் ஐ.டி.எஸ். மரபணுக்கள் இதன் பின்னணியில் இருப்பது 2008இல் தெரியவந்தது. கோடு விழுந்தால் தொற்று வேறு வேறு வழியில் வந்திருக்கிறது. விழாவிட்டால் வார்டின் சிறுநீர் அளவைக் குவளைகளிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.