விண்டோஸ் 11 போட்டாச்சு, வைஃபை எங்கே?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்கள் நின்றன. அதற்குப் பிறகு வீட்டுக் கணினியை 11-க்கு மாற்றியவர்களும் மாற்றப் போகிறவர்களும் டிரைவர் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. (டிரைவர் என்றால் வைஃபை, பிரிண்டர் போன்ற ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன சாஃப்ட்வேர்.) ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை ஃபார்மட் செய்து 11 போட்டேன். வைஃபை ஐகானே வரவில்லை. லேன் கேபிள் செருக இடமும் இல்லை. நெட் இல்லாமல் டிரைவரை எப்படி சார் இறக்குவது?

ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். இதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே லேப்டாப்புக்கும் போகும், மொபைல் டேட்டா கரையாது. நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ளே டிரைவர் பட்டியலையும் திறந்து பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்கா மகளின் லேப்டாப்பில் இதையே செய்யப்போய் அரை மணி நேரம் திண்டாடினேன். டெதரிங் பட்டன் மங்கலாகவே கிடந்தது. கடைசியில் பார்த்தால் கேபிள், ஏதோ பவர் பேங்க்கோடு வந்த சார்ஜிங் கேபிள். அதில் டேட்டா கம்பியே கிடையாது. போனோடு வந்த கேபிளை மாற்றியதும் உடனே நெட் வந்துவிட்டது.

இனிமேல்தான் ஃபார்மட் செய்யப் போகிறேன் அண்ணா. முன்கூட்டியே என்ன எடுத்து வைக்கலாம்?

லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை மட்டுமாவது பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். மற்றவற்றை நெட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாடல் பக்கமே கிடைக்காத பழைய மெஷின் என்றால், சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் 'ஃபைல்ரெப்பாசிட்டரி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அப்படியே காப்பி செய்துகொண்டு, பிறகு டிவைஸ் மேனேஜரில் (கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) 'அப்டேட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பழைய விண்டோஸ் 64 பிட்டாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்னோன் டிவைஸ்' என்று மூன்று நிற்கின்றன. என்ன சாதனம் என்றே தெரியாமல் எதைத் தேடுவது?

பெயர் தெரியாவிட்டாலும் அதற்கு ஒரு நம்பர் இருக்கும். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், அங்கே 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக வரும் வரியில் முதலில் இருப்பது கம்பெனி எண், அடுத்தது சிப் எண். கம்பெனி எண் 8086 என்றால் இன்டெல் (தங்கள் பழைய பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வாங்கிக்கொண்டார்கள்!), 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. உதாரணமாக 10இசி, அதன் பின்னால் சி821 என்று இருந்தால் அது ரியல்டெக் 8821சிஇ வைஃபை கார்டு.

'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்று நின்றால் சிப்செட் (மதர்போர்டின் முக்கிய சிப்கள்) டிரைவர் போடவில்லை என்று அர்த்தம். 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' பெரும்பாலும் இன்டெல் மேனேஜ்மென்ட் இன்ஜின். அதனால் முதலில் சிப்செட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூன்றில் இரண்டு தானாகவே மறைந்துவிடலாம்.

பென் டிரைவில் பூட் செய்தால், இன்ஸ்டால் செய்ய டிஸ்க்கே இல்லை என்கிறது. 11-ஆம் தலைமுறை ஐ5. எஸ்எஸ்டி போய்விட்டதா?

பயப்படாதீர்கள், பெரும்பாலும் போயிருக்காது. அந்தத் தலைமுறை லேப்டாப்களில் இன்டெல் 'விஎம்டி' என்ற அமைப்பு எஸ்எஸ்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அதற்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாவிட்டால் செட்டப்புக்கு டிஸ்க் தெரியாது. டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, அதே திரையில் 'லோட் டிரைவர்' கொடுங்கள். செட்டப் ஃபைலாகவே வைத்தால் எடுக்காது, விரித்த ஃபோல்டருக்குள் '.ஐஎன்எஃப்' என்று முடியும் ஃபைல் இருக்க வேண்டும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) விஎம்டியை நிறுத்தினாலும் டிஸ்க் தெரியும். ஆனால் பழைய விண்டோஸ் அதிலேயே இருந்தால் அது அப்புறம் பூட் ஆகாமல் போகலாம். அதனால் நான் முதல் வழியையே சொல்வேன்.

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேனான் எல்பிபி 2900 பிரிண்டர், 32 பிட் விண்டோஸ் 10. மாறினால் பிரிண்டர் ஓடுமா?

பிரிண்டர் ஓடும். கேனான் 64 பிட் டிரைவர் கொடுத்திருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவும் ஏறாது. 32-லிருந்து 64-க்கு மேலேயே அப்கிரேட் செய்யவும் முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். பில் கணக்கு, வாடிக்கையாளர் ஃபைல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த வகை பிரிண்டருக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தை வரைந்து அனுப்பும் வேலையைக் கணினியில் உள்ள டிரைவர்தான் செய்கிறது. பொதுவான லேசர் டிரைவர் எதையாவது போட்டு ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள். டிரைவரை முதலில் ஓடவிட்டு, அது சொல்லும்போது மட்டும் யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். முன்னாலேயே செருகிவிட்டு அவதிப்படுபவர்கள்தான் அதிகம்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்யும் சாஃப்ட்வேர் நல்லதா?

வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் கம்பெனி பக்கமும் போதும்.

ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டுக்குப் புதிய என்விடியா டிரைவர் போட்டால் 'பொருத்தமான ஹார்ட்வேர் இல்லை' என்கிறது.

அது என்விடியாவின் பழைய 'கெப்ளர்' தலைமுறை கார்டு. அதற்கு 47-ல் தொடங்கும் டிரைவர் வரிசையே கடைசி. அதைப் போடுங்கள், 11-ல் ஓடும்.

ஃபார்மட் செய்யாமல் மேலேயே அப்கிரேட் செய்தேன். டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல் போய்விட்டது. திரும்ப 10-க்கே போகலாமா?

பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸில் 'ரெகவரி' வழியாகத் திரும்பலாம். அதுவரை பழையது விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரில் இருக்கும். இடம் வேண்டுமென்று அதை அழித்துவிடாதீர்கள். ஆனால் ஒரு ஸ்க்ரோலுக்காக வீட்டையே மாற்றுவானேன்? டச்பேடின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்திப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால் லேப்டாப் கம்பெனியின் டச்பேட் டிரைவரைப் போடுங்கள்.

பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் வைத்திருக்கிறேன். 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் போட்டால் டிரைவர் கிடைக்குமா அண்ணா?

பெரும்பாலானவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிடும் தம்பி, தனியாகத் தேட வேண்டியதில்லை. பிராட்காம் வைஃபை என்றால் மட்டும் கொஞ்சம் அலைச்சல். அதற்கும் மேலே சொன்ன போன் டெதரிங்தான் கைகொடுக்கும். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே பூட் செய். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பார். அப்புறம் மூடியை மூடித் திற. திரை திரும்ப வந்தால் தைரியமாக இன்ஸ்டால் செய்.