நெட் ரேட் சொல்லுங்க சார்!

வீடு விற்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பதில்கள்.

மடிப்பாக்கத்தில் 900 சதுர அடி ஃபிளாட்டை விற்கிறோம். இணையதளத்தில் போடலாம் என்கிறான் மகன். தெருமுனை புரோக்கர் போதும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? (வாசகி, சென்னை)

இரண்டு பேர் பேச்சையும் கேளுங்கள். 'உங்களிடம் மட்டும்தான்' என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதவரை, எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஃபிளாட் தேடுகிறவர் முதலில் போனைத்தான் எடுக்கிறார். அதனால் இணையத்தில் போடுவது வீண் போகாது. அங்கே பக்கத்து ஃபிளாட்டுகளுக்குப் போட்டிருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. அதைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். இதுவே கும்பகோணத்தில் சந்துக்குள் இருக்கும் ஓட்டு வீடு என்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புரோக்கரிடம்தான் போகச் சொல்லியிருப்பேன்.

70 லட்சத்துக்கு விற்றால் 1 சதவீதக் கமிஷனே 70,000 ரூபாய். 2 கேட்பார்கள், பேசினால் இறங்குவார்கள். இணையதளத்தில் போட்டால் புரோக்கர் தொல்லை ஒழிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அண்ணன் வீட்டை விற்க நான் காசு கட்டி 'பிரீமியம்' விளம்பரம் வாங்கினேன். முதல் வாரத்தில் 31 அழைப்புகள். 27 பேர் புரோக்கர்கள். மிச்சம் நாலு பேரில் ஒருவர் எனக்கு வீட்டுக் கடன் கொடுக்க ஆசைப்பட்டவர்.

'பார்ட்டிக்குக் காட்டணும்' என்று புரோக்கர் ஒரிஜினல் பத்திரத்தை வாங்கிப் போய் மூன்று மாதம் ஆகிறது. கேட்டால் நாளை, நாளை என்கிறார். (வாசகர், திருச்சி)

ரசீது வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. 300 ரூபாய் துண்டு வாங்கினாலும் பில் கேட்கிற மனுஷன், மூலப்பத்திரத்தை எப்படி ஐயா சும்மா தூக்கிக் கொடுப்பீர்கள்? பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார். வில்லங்கச் சான்றையும் உடனே போட்டுப் பாருங்கள். விற்பவர் காட்ட வேண்டியது ஜெராக்ஸ்தான். ஒரிஜினலை வாங்குகிறவரின் வக்கீல் பார்க்க வேண்டுமென்றால், நீங்களே எடுத்துப் போய்க் காட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள்.

'உங்க கைக்கு எவ்வளவு வேணும், நெட் ரேட் சொல்லுங்க சார், கமிஷனே வேண்டாம்' என்றார் புரோக்கர். 62 லட்சம் சொன்னேன். வாங்கியவர் மொத்தம் 67 கொடுத்தாராம். நான் ஏமாந்தேனா? (வாசகர், கோவை)

ஏமாந்தீர்கள். நானும் இதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஏமாந்தவன்தான். வேனில் கூட்டிப்போய் பிரியாணி போட்டார்கள். சதுர அடி 1,150 ரூபாய் என்று அரை கிரவுண்ட் மனை (1,200 சதுர அடி) வாங்கினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்த நிலத்துக்காரரே பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அவர் கைக்குப் போனது 900. நடுவில் 3 லட்சம். அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

'நெட் ரேட்' என்பது கமிஷன் இல்லாத வியாபாரம் மாதிரிக் காதில் விழும். விற்ற விலை 67 லட்சத்தில் 1 சதவீதம் என்றால் உங்களுக்கு அது 67,000 ரூபாய். இப்போது போனது 5 லட்சம். உங்கள் வீட்டை உங்கள் சார்பில் விற்க வேண்டியவர், உங்களிடம் மலிவாக வாங்கி வெளியே விற்கும் வியாபாரியாகிவிடுகிறார். விற்பவரும் வாங்குபவரும் கடைசி நாள் வரை முகம் பார்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழு உழைப்பு. 'பார்ட்டி ரொம்ப பிஸி சார்' என்றாலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவர் உங்களுக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து அடைந்த ஆதாயத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம் என்கிறது. ஆனால் 'மேலே வர்றதை நீயே வச்சுக்கோ' என்று சொல்லித் தொலைத்திருந்தால் உங்கள் கட்சி பலவீனம். வாட்ஸ்அப்பில் என்ன பேசினீர்கள் என்று தேடிப் பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள். அடுத்தவர்கள் இப்படிச் செய்யலாம்: 'உண்மையான விற்பனை விலையில் 1 சதவீதம், விலைப் பேச்சு என் முன்னால்' என்று புரோக்கருக்கு முதல் நாளே செய்தி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வையுங்கள்.

இணையத்தில் வீட்டைப் பார்த்த ஒருவர், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி டோக்கன் அட்வான்ஸ் அனுப்ப கியூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து ரகசிய 'பின்' (PIN) நம்பர் போட்டதும் என் கணக்கில் 48,000 ரூபாய் போய்விட்டது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

அம்மா, உங்களைத் திட்டிய பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள்: இதில் படித்தவர்கள் நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். தவறு உங்களுடையது அல்ல, திருடனுடையது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு இன்னும் பேசவில்லையென்றால் இப்போதே பேசுங்கள், வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வர 'பின்' நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

'45 நாளில் விற்றுத் தருகிறோம்' என்று ஓர் இணையதளம் 15,000 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் வாங்கியது. எட்டு மாதமாகியும் விற்கவில்லை. திரும்ப வாங்க முடியுமா? (வாசகர், சேலம்)

வாயால் சொன்னார்களா, எழுத்தில் இருக்கிறதா? எழுத்தில் 'உதவுவோம்' என்று மட்டும் இருந்தால் கஷ்டம். '45 நாள்' என்று குறுஞ்செய்தியாவது இருந்தால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அட்வான்ஸ் 2 லட்சத்தை ரொக்கமாக வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. வீடு விற்கிற அட்வான்ஸை ரொக்கமாக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வாங்கினால், வாங்கிய அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம்.

புரோக்கர் காட்டிய பார்ட்டியுடன் நாங்களே நேரடியாக முடித்துக்கொண்டால் கமிஷன் மிச்சம்தானே? (பெயர் வேண்டாம் என்கிறார், வேலூர்)

பெயர் வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்திரம் பதிந்த அன்றைக்கே அவர் காசைக் கொடுத்துவிடுங்கள்.