டாக்டர் பெண்ணைக் கட்டினால் டாக்டர் வேலையும் கூடவே வருமா?

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகன், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். திருச்சியில் எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்ணைத் தை மாதம் மணக்கப்போகிறேன். "கல்யாணம் ஆனதும் எல்.டி.வி.பி. (நீண்டகால வருகை அனுமதி) கிடைக்கும், அதை வைத்து உடனே டாக்டராக வேலைக்குப் போகலாம்" என்கிறார் என் மாமா. பெண் வீட்டிலோ, வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைத்த பிறகுதான் அனுப்புவோம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: மாமா சொல்வதில் முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி தப்பு. பெண் வீட்டார் தேவையில்லாமல் காத்திருக்கிறார்கள். இங்கே தங்குவதற்கான அனுமதியைக் கொடுப்பது குடிநுழைவு ஆணையம், வேலைக்கான அனுமதி மனிதவள அமைச்சின் கையில், நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் உரிமை சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் கையில். இந்த மூன்றாவதைக் கல்யாணப் பத்திரிகை காட்டி வாங்க முடியாது, நீங்கள் குடிமகன் என்பதும் அங்கே ஒரு பொருட்டில்லை.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, அவர் படித்த கல்லூரி மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை என்று அதற்குப் பெயர். 160 கல்லூரிகள் இருந்த அந்தப் பட்டியலை 2020 ஜனவரியில் 103 ஆகக் குறைத்தார்கள், 2025 பிப்ரவரியில் ஒன்பதைச் சேர்த்து 112 ஆக்கினார்கள். இந்தியாவிலிருந்து சில கல்லூரிகள் மட்டுமே உண்டு. 'நல்ல காலேஜ்தான், அரசுக் கல்லூரிதான்' என்பதெல்லாம் இங்கே செல்லாது, பெயர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இல்லை என்றால்? மனம் தளர வேண்டாம், இன்னொரு வழி இருக்கிறது. மன்றம் ஏற்கும் முதுநிலைத் தகுதிகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. பொது மருத்துவத்துக்கான பிரிட்டனின் முதுநிலைத் தகுதியான எம்.ஆர்.சி.பி. அதில் இருப்பதால்தான் நம் ஊர் டாக்டர்கள் பலர் அந்தத் தேர்வை எழுதிவிட்டு இங்கே வருகிறார்கள். ஊரில் வாங்கிய எம்.டி. அதற்குச் சமம்தானே என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டாம், பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம்.ஆர்.சி.பி. எழுதவேண்டிவந்தால் பல கட்டத் தேர்வு, செலவும் அதிகம், கல்யாணத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது.

தகுதி இருந்தாலும் நேராகப் போய்ப் பதிவு செய்ய முடியாது. மன்றம் அங்கீகரித்த ஒரு மருத்துவமனையோ நிறுவனமோ முதலில் வேலை தருவதாகச் சொல்லவேண்டும். அப்படி வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது நிபந்தனைப் பதிவு, அதாவது மூத்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். தேக்காவில் சொந்தமாக கிளினிக் திறக்கும் எண்ணம் இருந்தால் அதை முழுப் பதிவு வரும் வரைக்கும் தள்ளிவையுங்கள். நன்னடத்தைச் சான்றிதழ், பட்டங்களைக் கல்லூரியிலிருந்தே நேரடியாகச் சரிபார்ப்பது என்று காகித வேலை நிறைய. இதில் கல்லூரி அலுவலகம் பதில் போடத்தான் மாதக்கணக்கில் ஆகும், ஊரில் யாராவது நேரில் போய்க் கேட்டால் கொஞ்சம் வேகமாக நடக்கும்.

இனி தங்கும் அனுமதி. திருமணத்துக்கு முன்பே குடிநுழைவு ஆணையத்திடம் ஒரு முன்மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் நான் செய்யச் சொல்வேன். உங்கள் வருமானம், இருவருடைய பின்னணி எல்லாம் பார்த்து, எல்.டி.வி.பி. கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கடிதம் தருவார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கடிதம் கையில் இருந்தால் இரு வீட்டாருக்கும் நிம்மதி. திருச்சியிலேயே கல்யாணம் என்றால் அங்கேயே முறைப்படி பதிவு செய்யுங்கள். அது அங்கே செல்லுபடியாகும் திருமணமாக இருந்தால் போதும், இங்கே வந்து மறுபடி பதிவு செய்யவேண்டியதில்லை.

எல்.டி.வி.பி.யோடு வேலை செய்வதற்கான ஒப்புதல் கடிதமும் கிடைத்துவிட்டால், முதலாளிக்கு வேலை சுலபம். வெளிநாட்டினர் ஒதுக்கீட்டுக் கணக்கில் உங்கள் மனைவி வரமாட்டார், அவருக்காக முதலாளி தீர்வையும் கட்டவேண்டியதில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கும் ஒதுக்கீடு, தீர்வை கிடையாதுதான், ஆனால் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான துறைகளில் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது கூடக்கூட அந்த வரம்பும் கூடும், அதற்கு மேல் விண்ணப்பத்தை மதிப்பிடும் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 எடுக்கவேண்டும். ஆகவே உங்கள் விஷயத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

மருத்துவப் பதிவு வரும் வரை சும்மா இருக்கவேண்டுமா என்றால், வேண்டாம். அந்த ஒப்புதல் கடிதத்தை வைத்து மருத்துவ ஆராய்ச்சி ஒருங்கிணைப்பு, மருத்துவத் தகவல் எழுதுவது போன்ற வேலைகளுக்குப் போகலாம். நோயாளியைப் பார்ப்பது, மருந்து எழுதுவது மட்டும் கூடாது, பதிவில்லாமல் செய்தால் குற்றம், சிறைக்கும் போகவேண்டிவரலாம். தெரிந்தவர் கிளினிக்தான், சும்மா உதவிக்கு என்று யாராவது கூப்பிட்டால் போகவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: இங்கே அரசு மருத்துவமனை ஒன்றில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் டாக்டராக இருக்கிறேன். என் கணவர் நிரந்தரவாசி. நானும் பி.ஆர். கேட்க விரும்புகிறேன். அவர் மூலமா, நானாகவா? இதற்கிடையில் பாஸை விட்டுவிட்டு எல்.டி.வி.பி.க்கு மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். கையில் இருக்கும் பாஸ் உங்கள் வேலையோடு வந்தது, அதை நீங்களாகக் கைவிட ஒரு காரணமும் இல்லை. பி.ஆர்.க்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது: எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவராக நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது கணவர் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். நானாக இருந்தால் முதல் வழியில் போவேன். உங்கள் படிப்பு, சம்பளம், வேலை எல்லாம் உங்கள் பெயரிலேயே பேசும். விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி, கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. பதில் வர ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

ஒன்றை மறக்கவேண்டாம். பி.ஆர். வரும் முன் வேலையை விட்டால் பாஸ் ரத்தாகும், வழக்கமாக 30 நாள்தான் இங்கே இருக்க விடுவார்கள். வேறு மருத்துவமனைக்கு மாறுவதென்றால் புதிய பாஸ் மட்டும் போதாது, உங்கள் பதிவு நிபந்தனைப் பதிவாக இருந்தால் மருத்துவ மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். இரண்டும் கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

கேள்வி: என் மருமகன் டாக்டர், மகள் சிங்கப்பூர்க் குடிமகள். அவருக்கு பி.ஆர். கிடைத்துவிட்டது. குடியுரிமை எப்போது கேட்கலாம்? இந்த வயதில் தேசிய சேவைக்குக் கூப்பிடுவார்களா?

பதில்: பி.ஆர். ஆகி இரண்டு ஆண்டும், கல்யாணமாகி இரண்டு ஆண்டும் முடிந்திருந்தால் மகள் மூலமாகக் கேட்கலாம். சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமை தராது, அவர் இந்தியர் என்றால் இந்தியக் குடியுரிமையை விட்டுவிடவேண்டும், பிறகு ஊருக்குப் போய்வர, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்ளலாம். மனைவி மூலம் பி.ஆர். ஆனவரைப் பொதுவாகத் தேசிய சேவைக்கு அழைப்பதில்லை. ஆனால் பேரன் பிறந்தால் அவனுக்கு உண்டு.